வழக்கமில்லை என்றார்கள்

தில்லையாடி வள்ளியம்மையைத் தமிழகம் அறியும். பாடநூலில் அவர் வரலாறு உண்டு. அஞ்சல் தலையில் அவர் முகம் உண்டு. தலைநகரில் அவர் பெயர் தாங்கிய மாளிகை உண்டு. சிறையில் பற்றிய காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் பதினாறே வயதில் மாண்ட அந்த இளநங்கைக்கு நாடு செய்த சிறப்புகளில் ஒன்றைக்கூட நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். வள்ளியம்மையும் அவர் அன்னை மங்களமும் அவர்களைப் போன்ற தமிழ்ப் பெண்டிரும் சிறைக்கூடம் சென்ற அந்த நாட்களில், பெண்கள் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் யார்? அமைச்சருக்குத் தந்தி கொடுத்தவர் யார்? ஆயிரமாயிரம் பவுன் கணக்கை எழுதியவர் யார்? தலைவர்கள் அனைவரும் கம்பிகளுக்குப் பின்னே கிடக்க, வெளியே நின்று போராட்டத்தை நடத்தியவர் யார்? இந்தக் கேள்வியை மேடையேறிப் பேசும் நம் நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தோம். உதட்டைப் பிதுக்கினார்கள்.

அவர் பெயர் சோன்யா ஷ்லேசின். தமிழ்ப் பெண்ணல்லர், இந்தியரும் அல்லர். 1888 ஜூன் 6-ஆம் நாள் மாஸ்கோ நகரில் பிறந்த யூதப் பெண். 1892-இல், நான்கு வயதுக் குழந்தையாகத் தென்னாப்பிரிக்காவில் வந்து குடியேறியவர். போராட்டம் உச்சத்தை எட்டியபோது அவருக்கு வயது இருபத்தைந்து. இவ்விதழைப் படிக்கும் தோழர்கள் பலருடைய வயது!

ஜார் மன்னன் ஆண்ட ரஷ்யாவில் யூதர் நிலை என்ன என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். எங்கே குடியிருக்கலாம் என்பதற்கு எல்லைக்கோடு. எத்தனை பேர் உயர்கல்வி பயிலலாம் என்பதற்கு வரையறை. எந்த நிலத்தை வாங்கலாகாது என்பதற்குத் தனிச் சட்டம். 1881-இல் மூண்ட கலவரங்களில் அவர்கள் வீடுகள் சூறையாடப்பட்டன. 1891-இல் மாஸ்கோ நகரிலிருந்தே ஆயிரக்கணக்கான யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஊர் என்றும் சேரி என்றும் நாம் பிரித்து வைத்திருப்பதை அங்கே வேறு பெயரால் பிரித்து வைத்திருந்தார்கள், அவ்வளவே.

ஆனால் வந்து இறங்கிய இடத்தில் நடந்த வேடிக்கையைப் பாருங்கள்! ரஷ்யாவில் ஒதுக்கப்பட்ட குலம்; தென்னாப்பிரிக்காவிலோ வெள்ளைக்காரி. கப்பலேறியபோது தாழ்ந்தவள், கப்பலிலிருந்து இறங்கியபோது உயர்ந்தவள்! இடையில் குழந்தை குளித்து முழுகிச் சுத்தியாகவில்லை, எந்தச் சடங்கும் செய்யவில்லை. கடல் மட்டுமே இருந்தது. நடைபாதையில் நடக்கலாம், விரும்பிய இடத்தில் குடியிருக்கலாம், வளர்ந்தபின் அலுவலகத்தில் நல்ல ஊதியத்தில் அமரலாம். அந்த வாழ்வை ஏற்று வாய்மூடி இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரைப் போல் வந்து சேர்ந்தவர்களில் மிகப் பலர் அப்படித்தான் இருந்தார்கள்.

ஜோலார்பேட்டையில் சாக்கட்டி பிடித்து வயிறு வளர்க்கும் நமக்கும் மாஸ்கோவில் பிறந்த பெண்ணுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் எந்த மாவட்டத்தார் தெரியுமா? வடார்க்காடு மாவட்டம் அந்தப் பட்டியலின் முன்வரிசையில் நிற்கிறது. 1860 நவம்பர் 16-இல் டர்பன் துறையில் முதற் கப்பல் நங்கூரம் பாய்ச்சியது. 1911 வரை அந்தப் பயணம் ஓயவில்லை. பஞ்சம் துரத்தியது, கங்காணி பசப்பினான், பாலாற்றங்கரைச் சிற்றூர்களிலிருந்து மூட்டை முடிச்சோடு மக்கள் புறப்பட்டார்கள். நம் பாட்டியார் உயிரோடு இருந்தபோது, உறவில் ஒருவர் "கரும்புக்குப் போனவர் திரும்பல" என்று சொல்வார். எந்த நாடு, எந்த ஆண்டு, ஒன்றும் அவருக்குத் தெரியாது. கரும்பு மட்டும் தெரியும்.

அப்படிப் போனவர்களின் தலைமீதுதான் 1895-இல் நேட்டால் அரசு மூன்று பவுன் வரியைச் சுமத்தியது. ஒப்பந்தம் முடிந்தபின் அடிமைச்சீட்டைப் புதுப்பிக்காமல், ஊருக்கும் திரும்பாமல், உரிமையோடு வாழ விரும்பினால் ஆண்டுதோறும் ஆளுக்கு மூன்று பவுன் கட்டு! மனைவிக்கும் கட்டு! பதினாறு வயது மகனுக்கும் பதின்மூன்று வயது மகளுக்கும் கட்டு! மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங். உழைப்பாளிக்கு மாதம் முழுவதும் கிடைத்ததோ 14 ஷில்லிங் அளவே. நான்கு பேர் கொண்ட குடும்பம் கணக்குப் போட்டுப் பார்த்தால், உண்ணாமல் உடுக்காமல் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் வரிக்கே போதாது. இது வரியா? மீண்டும் தோட்டத்துக்குள் தள்ளும் கதவு!

டிரான்ஸ்வாலில் வேறொரு கொடுமை. இந்தியர் அனைவரும் விரல்ரேகை பதித்துச் சீட்டு வைத்திருக்க வேண்டும். காவலர் கேட்டால் காட்ட வேண்டும். இதை எதிர்த்து 1906-இல் மூண்ட போராட்டத்தின் பாசறை ஜோகன்னஸ்பர்க் நகரில் இருந்த வழக்கறிஞர் காந்தியாரின் அலுவலகம். அந்த அலுவலகத்தில் 1905-ஆம் ஆண்டிலேயே சுருக்கெழுத்தாளராக வந்து அமர்ந்தவர் சோன்யா. வயது பதினேழு.

அழைத்து வந்து சேர்த்தவர் ஹெர்மன் காலன்பாக் என்னும் யூதக் கட்டடக் கலைஞர். பெண் அறிவுள்ளவள், நேர்மையானவள், ஆனால் துடுக்குக்காரி. சமாளிக்க முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்ற எச்சரிக்கையோடுதான் சேர்த்தார். காந்தியார் 20 பவுன் வரை மாத ஊதியம் தர ஆயத்தமாக இருந்தார். தொடங்கியது ஆறு பவுனில். பின்னர் பத்துக்கு மேல் ஒரு பவுன் வாங்க அந்தப் பெண் உடன்படவேயில்லை. ஊதியத்துக்காக வரவில்லை, உங்கள் கொள்கை பிடித்திருப்பதால் வந்தேன் என்று காந்தியாரையே கடிந்துகொண்டார். ஒருமுறை 40 பவுன் வாங்க நேர்ந்தபோது, கடன் என்று எழுதிக்கொள்ளச் சொல்லித்தான் வாங்கினார். ஆண்டுகள் பல கழித்து முழுத்தொகையையும் திருப்பிச் செலுத்தினார். தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, ஆடவர் போல் கழுத்துப் பட்டி அணிந்துகொண்டு, நள்ளிரவாயினும் துணையின்றித் தெருவில் நடந்து செல்வார். துணைக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டால் சீறுவார்.

துடுக்கு என்கிறார்களே, அந்தச் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெண் ஒருத்தி நினைத்ததைச் சொன்னால் துடுக்கு. அதையே ஆண் சொன்னால் துணிவு. அகராதியே இரண்டாகக் கிழிந்து கிடக்கிறது. ஒருநாள் காந்தியார் எதிரிலேயே சோன்யா சிகரெட்டைப் பற்றவைத்தார். அவர் அறைந்துவிட்டார், சிகரெட்டைப் பிடுங்கி எறிந்தார். பின்னாளில் காந்தியாரே இதைக் கூறியிருக்கிறார். புகைபிடிப்பது கேடு என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆயினும் அகிம்சையை உலகுக்கு ஓதிய கை ஓர் இளம்பெண்ணின் கன்னத்தில் விழுந்ததை, 'தந்தை மகளைத் திருத்தினார்' என்று பூசி மெழுக நம்மால் இயலவில்லை. ஆண் எழுத்தர் ஒருவர் புகைத்திருந்தால் அந்தக் கை எழுந்திருக்குமா? கேள்வியை வைத்துவிட்டு மேலே செல்கிறோம். சோன்யா வேலையை விட்டுப் போகவில்லை. பணிந்து ஒடுங்கவும் இல்லை. காந்தியார் எழுதிய தன்வரலாற்றில் தம்மைப் பற்றிய செய்திகள் பிழையாக உள்ளன என்று 1928-இல்கூடக் கடல் கடந்து கடிதம் எழுதி வாதிட்டவர் அவர்!

1908-இல், இருபது வயதும் நிரம்பாத நிலையில், இந்தியர் கூட்டத்துக்கென ஓர் உரை எழுதித் தந்தார். அதைப் படித்துக் காட்டியவர் காந்தியார். அந்நாளில் இங்கிலாந்தில் வாக்குரிமை கேட்டுச் சிறை சென்றுகொண்டிருந்த பெண்களை அவர் அதில் எடுத்துக்காட்டினார். உறுதி தளராதீர்கள் என்று, ஆடவர் நிரம்பிய அவைக்குப் பெண்களின் போராட்டத்தைப் பாடமாக வைத்தார் என்பதைக் கவனியுங்கள்! வீரத்துக்கு எடுத்துக்காட்டாகப் பெண்களைக் காட்டும் வழக்கம் நம் மேடைகளில் இன்றும் அரிது. புறநானூற்றுத் தாயை அழைப்பார்கள். பக்கத்து வீட்டுத் தாயை அழைக்கமாட்டார்கள்.

இனி, நாம் சொல்ல வந்த இடத்துக்கு வருவோம்.

1909-ஆம் ஆண்டு. சோன்யா சட்டம் பயில விரும்பினார். வழக்கறிஞர் ஒருவரிடம் பயிற்சி எழுத்தராகப் பதிவு செய்துகொண்டு, குறித்த காலம் பணியாற்றி, தேர்வு எழுதித் தேறினால் வழக்கறிஞராகலாம் என்பது அந்நாட்டு முறை. காந்தியாரிடம் பயிற்சி பெறுவதற்குப் பதிவு கேட்டார். டிரான்ஸ்வால் வழக்கறிஞர் கழகம் மறுத்தது. நீதிமன்றம் சென்றார். அறிவில்லை என்று மறுத்தார்களா? இல்லை. தகுதியில்லை என்றார்களா? இல்லை. சட்டத்தில் 'அவன்' என்று எழுதியிருந்தால் 'அவள்' என்றும் பொருள்படும் என்பது பொது விதிதான். ஆயினும் இத்தொழிலில் பெண் இருந்த வழக்கமில்லை, ஆகவே இந்த 'அவன்' ஆண் மட்டுமே என்றது நீதிமன்றம்.

வழக்கமில்லை! வழக்காட விரும்பிய பெண்ணை வழக்கம் என்னும் ஒரு சொல்லால் வாயிற்படியிலேயே நிறுத்திவிட்டார்கள். இதுவரை இருந்ததில்லை, ஆகவே இனியும் இருத்தலாகாது என்பது வாதமா? இதே வாதத்தைக் கொண்டுதானே கிணற்றில் நீர் எடுக்கவும் தெருவில் நடக்கவும் தடுத்தார்கள்! பட்டம் பெற்ற நீதிபதி அங்கியணிந்து கூறினால் தீர்ப்பு. பஞ்சாங்கம் வைத்திருப்பவர் திண்ணையில் அமர்ந்து கூறினால் சாத்திரம். உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றே.

இந்தச் சொல்லை நாம் நூலில் மட்டும் சந்திக்கவில்லை. நம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி சட்டம் படிக்க விரும்புகிறாள். வகுப்பில் எவர் அநீதியாகப் பேசினாலும் முதலில் எழுந்து நிற்கும் பெண். தந்தை இல்லை. தாய் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவில் உழைக்கிறார். விடியலில் கம்பெனி வண்டி. பொழுது சாய்ந்தபின் வீடு. மகளுக்கும் அங்கேயே இடம் இருக்கிறது என்று மேஸ்திரி சொல்லி அனுப்பியிருக்கிறார். இதைக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிறன்று அவள் இல்லத்துக்குச் சென்றோம். முடிவெடுப்பவர் தாய்மாமன்.

"வக்கீல் வேலைக்கெல்லாம் பொம்பளப் பிள்ளைய அனுப்பறது நம்ம குடும்பத்துல வழக்கமில்லீங்க, டீச்சர்" என்றார் அவர். மரியாதை குறையாமல்தான் சொன்னார். காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

"விடியக்காலம் உங்க தங்கச்சி வண்டியேறி வேலைக்குப் போறாங்களே, அண்ணே, அது எத்தனை தலைமுறை வழக்கம்?" என்று கேட்டோம்.

"அது வயித்துப்பாடுங்க. அத எப்படிங்க வழக்கத்துல சேக்கறது?"

என்ன விடை, தோழர்களே! பெண் உழைத்துக் கொண்டுவந்து கொட்டினால் வழக்கம் கண்ணை மூடிக்கொள்ளும். பெண் தனக்கென ஒரு படிப்பைக் கேட்டால் வழக்கம் விழித்துக்கொள்ளும். அந்த மனிதர் கொடியவர் அல்லர். அக்குடும்பத்துக்குக் கடன் தந்து காத்தவர் அவர்தான் என்று பின்னர் அறிந்தோம். கொடியவராக இருந்தால் எதிர்த்துப் பேசுவது எளிது. அடுப்பங்கரை வாயிலில் நின்ற தாய், "பாப்பா என்னா நெனக்குதுன்னு ஒரு வார்த்த கேளுண்ணா" என்று மெல்லச் சொன்னார். அவர் கேட்கவில்லை. நாம் கேட்டோம். "படிக்கணும் டீச்சர்" என்றாள் பெண். வேலூரில் அரசு சட்டக் கல்லூரி 2008-ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. ஜோலார்பேட்டையில் ரயிலேறினால் காட்பாடி எண்பது கிலோமீட்டர் சொச்சம். விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாம் மறுபடியும் செல்வதாக இருக்கிறோம்.

சோன்யாவைத் திருப்பியனுப்பியது ஏதோ தொலைதூரத்துத் தவறு என்று எண்ணிவிட வேண்டாம். 1916-இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் படியேறிய ரெஜினா குகா என்ற பெண்ணுக்கும் அதே விடைதான் கிடைத்தது. வங்காளத் தந்தைக்கும் யூதத் தாய்க்கும் பிறந்தவர். சட்டப் பட்டம் பெற்றவர். பெண் என்ற ஒரே காரணத்தால் மறுக்கப்பட்டவர். இந்தியாவில் பெண்கள் வழக்கறிஞராகலாம் என்று சட்டம் வந்தது 1923-இல். தென்னாப்பிரிக்காவில் அத்தகைய சட்டம் வந்ததும் அதே 1923-இல்! பதினான்கு ஆண்டு முந்திப் பிறந்த குற்றத்துக்கு ஒருத்தி வாழ்நாள் தண்டனை அடைந்தாள்.

வழக்கறிஞர் ஆக முடியாத பெண் என்ன செய்தார்? வீட்டுக்குப் போய் அழவில்லை. அதே 1909-ஆம் ஆண்டில் டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கம் உருவாக உழைத்தார். அதன் மதிப்புறு செயலாளராகப் பணியேற்றார். சங்கத்தின் உயிர்நாடி ஜோகன்னஸ்பர்க் தமிழ்ப் பெண்கள். கணவன்மார் மாறிமாறிச் சிறையில் கிடக்க, காய்கறிக் கூடை சுமந்தும் துணி வெளுத்தும் குடும்பத்தைக் காத்த பெண்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. சோன்யாவுக்குத் தமிழ் தெரியாது. இடையில் மொழிபெயர்ப்பு இருந்தது, தயக்கம் இருந்திருக்கும், சங்கம் நடந்தது.

1913 மார்ச் 14-இல் கேப் மாநில நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். கிறித்தவ முறைப்படியோ அரசுப் பதிவு முறைப்படியோ நடவாத திருமணங்கள் அந்நாட்டில் செல்லாது! ஒரே கையெழுத்தில் ஆயிரக்கணக்கான மனைவியர் வைப்பாட்டியர் ஆனார்கள். பிள்ளைகள் முறையற்ற பிள்ளைகள் ஆனார்கள். இந்த இழிவின் சுவை நமக்குப் புதிதன்று. புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல், மாலை மாற்றி வாழ்க்கை தொடங்கிய நம் சுயமரியாதைத் திருமணங்களும் செல்லாதவை என்றுதான் நீதிமன்றங்கள் ஒதுக்கின. 1967-ஆம் ஆண்டுச் சட்டம் வந்துதான் அந்தக் கறை நீங்கியது. ஆகவே அந்தத் தமிழ்ப் பெண்களின் கொதிப்பை விளக்க நமக்கு அடிக்குறிப்பு வேண்டியதில்லை.

மே மாதத் தொடக்கத்தில் சங்கம் கூடியது. தீர்ப்பின் இழிவு எங்கள் மானத்தைத் தொடுகிறது, சட்டத்தைத் திருத்தாவிட்டால் நாங்களும் சிறை செல்வோம் என்று உள்துறை அமைச்சருக்குத் தந்தி பறந்தது. கீழே செயலாளர் கையொப்பம்: சோன்யா ஷ்லேசின். வெள்ளைக்கார அரசின் அமைச்சர் மேசையில், கூடைக்காரப் பெண்களின் சார்பில், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர்!

பிறகு நடந்தவற்றில் சிலவற்றை நீங்கள் அறிவீர்கள். டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து பதினொரு பெண்கள் புறப்பட்டார்கள், பதின்மர் தமிழர். ஆறு பேர் இடுப்பில் கைக்குழந்தை. எல்லை தாண்டி நியூகாசில் சென்று, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் மூன்று பவுன் வரியின் அநீதியை எடுத்துச் சொன்னார்கள். சுரங்கங்கள் நின்றன. அக்டோபர் 21-இல் பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். மூன்று மாதம் கடுங்காவல். நவம்பர் 6-இல் 2037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் எல்லையை நோக்கி நடந்தார்கள். நான்கு நாட்களில் மூன்று முறை காந்தியார் பிடிக்கப்பட்டார். காலன்பாக் சிறையில், போலக் சிறையில். கரும்புத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் தீயாகப் பரவியது. துப்பாக்கிகள் வெடித்தன, தொழிலாளர் மாண்டார்கள்.

வெளியே யார் இருக்கிறார்? இருபத்தைந்து வயதுப் பெண்.

அவர் செய்தவை என்னென்ன? சிறை சென்றவர் பெயர், அவர் குடும்பம் எங்கே, பிள்ளைகளுக்குச் சோறு போகிறதா, யாருக்கு எவ்வளவு கொடுத்தாயிற்று என்று எழுதினார். இந்தியாவிலிருந்து வந்த பணத்துக்குக் கணக்கு வைத்தார். நாளும் குவிந்த கடிதங்களுக்கும் தந்திகளுக்கும் விடை அனுப்பினார். 'இந்தியன் ஒப்பினியன்' ஏட்டுக்குத் துணை நின்றார். ஆயிரக்கணக்கானோர் அவர் சொல்லை எதிர்பார்த்து நின்றார்கள் என்றும், தலைவர்கள் அநேகமாக அனைவரும் சிறையில் இருந்தபோது இயக்கத்தைத் தனியொருத்தியாக நடத்தினார் என்றும் காந்தியாரே எழுதி வைத்திருக்கிறார். 1912-இல் தென்னாப்பிரிக்கா வந்த கோகலே அங்கு சந்தித்த அத்தனை பேரையும் எடைபோட்டு, இந்தியர் ஐரோப்பியர் என்ற வேறுபாடின்றி, முதலிடத்தை இந்தப் பெண்ணுக்குத்தான் கொடுத்தார். சிறைவாயிலில் மாலை வாங்கிய படம் அவருக்கு இல்லை. அதனால்தான் நம் மேடைகளில் பெயரும் இல்லை.

நம் சங்கங்களையே எடுத்துக்கொள்வோம். கூட்ட அறிவிப்பில் மகளிர் பெயர் கடைசி வரியில். மேடையில் மகளிர் நாற்காலி ஓரத்தில். வரவேற்புக்குச் சந்தனக் கிண்ணம் அவர்கள் கையில். வரவு செலவுப் புத்தகம் மட்டும் அவர்கள் கைக்கு வருவதில்லை. "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்" என்று நம்மிடமே சொன்ன தோழர்கள் உண்டு. சிரமமா? கணக்குப் புத்தகம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் இருப்பதுதான் சங்கம். இதைச் சோன்யாவும் அறிந்திருந்தார். அந்தத் தோழர்களும் நன்றாக அறிந்திருக்கிறார்கள்!

அந்தப் போராட்டத்தில் குறையே இல்லை என்று நாம் கூறவில்லை. அம்மண்ணுக்கு உரிய ஆப்பிரிக்க மக்களை அது தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை. அதே 1913-இல் புளூம்ஃபொன்டீன் நகரில் ஆப்பிரிக்கப் பெண்கள் அனுமதிச் சீட்டை எதிர்த்துச் சிறை சென்றுகொண்டிருந்தார்கள். ஒரே ஆண்டு, ஒரே அரசு, ஒரே சீட்டுக் கொடுமை. இரு கூட்டமும் தனித்தனியே நடந்தன. சோன்யாவின் வெள்ளைத் தோல் அவருக்கு வசதி தந்தது என்பதும் உண்மையே. தமிழ்ப் பெண் நுழைய முடியாத அலுவலகத்தில் அவர் நுழைய முடிந்தது. தமிழ்ப் பெண்ணின் தந்தியைவிட அவர் தந்தி விரைவில் படிக்கப்பட்டிருக்கலாம். அந்த வசதியைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் செலவழித்தார் என்பதற்காகத்தான் எழுதுகிறோம்.

1914-இல் வெற்றி கிட்டியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. இந்தியர் திருமணங்கள் ஏற்கப்பட்டன. ஜூலையில் காந்தியார் கப்பலேறினார். அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் அந்தக் கப்பலோடே போய்விடுகிறார்கள். கரையில் நின்றவர் என்ன ஆனார்?

மறுபடியும் படித்தார். பட்டம் பெற்றார். ஆசிரியரானார்! குரூகர்ஸ்டார்ப் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் இலத்தீன் கற்பித்தார். ஓர் அரசையே கலக்கிய போராட்டத்தின் கணக்கை எழுதிய கை, பின்னர் பிள்ளைகளின் இலக்கணப் பிழையைச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருந்தது. இதைப் படித்தபோது நம் மேசைமேல் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு ஒன்று இருந்தது. அதை அன்று சற்று மரியாதையோடு எடுத்தோம் என்பதை ஒளிக்கவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. பதவி எதுவும் நாடவில்லை. காந்தியாருக்குக் கடிதம் எழுதுவதும், அவரோடு கருத்து வேறுபட்டால் ஒளிக்காமல் சொல்வதும் தொடர்ந்தன.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றார். வயது அறுபதைக் கடந்தது. கால்நீட்டி அமரும் அந்த வயதில் நேட்டால் பல்கலைக்கழகத்துக்குச் சென்று மாணவியாகப் பெயர் கொடுத்தார். எந்த நேட்டால்? தமிழ்ப் பெண்கள் கைக்குழந்தைகளோடு கடுங்காவல் அனுபவித்த அதே நேட்டால். என்ன படிப்பு? 1909-இல் எதைக் கேட்டு நீதிமன்றம் சென்றாரோ, அந்தச் சட்டப் படிப்பு.

படிப்பை முடிக்கவில்லை. 1956 ஜனவரி 6-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் காலமானார். பெண்கள் வழக்கறிஞராகலாம் என்று அந்நாடு சட்டம் இயற்றி அப்போது 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.